பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கங்களும் எங்கள் பிள்ளைகளும்

(பாடசாலையின் நூற்றாண்டை ஒட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது வழமை. அதைக் கேட்க நீங்கள் எங்கள் கிளினிக்குக்கு வரலாம். இன்று வேறொன்றைப் பேச அனுமதி கேட்டிருக்கிறோம். உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போகும் எங்கள் பிள்ளைகள் அங்குள்ள மாணவர் ஒன்றியங்களையும் சங்கங்களையும் எப்படிச் சந்திக்கிறார்கள், சந்திக்கப் போகுமுன் நாம் அவர்களுக்கு என்ன கொடுத்தனுப்புகிறோம் என்பதே அது.

இதைப் பேசக் காரணமும் கிளினிக்கில்தான் கிடைத்தது. முதலாம் வருடப் பிள்ளைகளை உம்மாமார் கூட்டி வருகிறார்கள். தலையிடி, நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை என்பார்கள். இரத்தம் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். உம்மாவை வெளியே இருத்திவிட்டு, "கம்பஸில் என்ன மகள்?" என்று கேட்டால் பிள்ளை அழத் தொடங்கும். அந்த அழுகை எங்களுக்குப் புதிதல்ல.

எங்கள் வகுப்பிலிருந்து நாங்கள் நால்வர் ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போனோம். இருவர் மருத்துவம், ஒருத்தி விஞ்ஞானம், ஒருத்தி கலை. சாகாமம் பக்கமிருந்து பஸ் ஏறி இந்தப் பாடசாலைக்கு வந்து படித்தவள் அந்த நாலாமவள். பாதை திறந்த நாளும் மூடிய நாளுமாக இருந்த காலத்தில் எங்களில் எவரையும்விடக் குறைவாக லீவு எடுத்தவள். எங்கள் மாணவர் மன்றத்தின் செயலாளரும் அவள்தான். மூன்றாவது கிழமை அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினாள். பிறகு போகவில்லை.

நடந்தது இதுதான். சீனியர்மார் சொன்ன உடுப்பை உடுக்கவும் சொன்ன வார்த்தைகளைச் சொல்லவும் அவள் மறுத்தாள். அன்றிரவே எங்கள் பெச் முழுவதையும் கூட்டி, இனி அவளோடு எவரும் பேசக்கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக்கூடாது, எந்தச் சங்கத்திலும் அவளுக்கு இடமில்லை என்றார்கள். நாங்கள் மூவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். கையும் உயர்த்தினோம். மறுநாள் காலை சாப்பாட்டறையில் அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவளிடம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறோம். "சொல்லுங்க, ஆனா என்ட பேரச் சொல்லாதீங்க" என்றாள். வெளிவாரியாகப் பட்டம் முடித்து, இன்று ஆசிரியையாக இருக்கிறாள். இந்த மண்டபத்திலும் இருக்கிறாள்.

அந்த இரவைப் பற்றி நாங்கள் பல வருடம் யோசித்திருக்கிறோம். நாங்கள் கெட்ட பிள்ளைகளாக இருந்தோம் என்று நினைக்கவில்லை. ஒரு கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்பதை மறந்துபோன பிள்ளைகளாக இருந்தோம். அதைக் கூட்டியது யார், கூட்ட அவருக்கு அதிகாரம் இருந்ததா, தீர்மானத்தை முன்மொழிந்தது யார், எதிர்ப்புச் சொல்ல இடம் தரப்பட்டதா என்று ஒரு கேள்வி கேட்க எங்களுக்கு நா எழவில்லை. இத்தனைக்கும் இந்தப் பாடசாலையில் கிழமைதோறும் மாணவர் மன்றத்தில் சென்ற கூட்ட அறிக்கை வாசித்து, "திருத்தம் ஏதும் உண்டா?" என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள்.

தங்கைகளே, பல்கலைக்கழகத்தில் மாணவர் அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நம் நாட்டின் அரச பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. மாணவர் ஒன்றியங்களுக்கும் மாணவர் சங்கங்களுக்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஒன்றியம் என்பது சீனியர்மார் தரும் பிச்சையுமல்ல, நிர்வாகம் தரும் பரிசுமல்ல. அது மாணவரின் உரிமை.

பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஓர் ஒன்றியம், பீடத்துக்கொன்றாகப் பீட ஒன்றியங்கள் என்பதே வழமையான அமைப்பு. இவற்றுக்கு வெளியே சங்கங்கள் உண்டு: தமிழ்ச் சங்கம், முஸ்லிம் மஜ்லிஸ், இந்து மாணவர் சங்கம், பௌத்த, கத்தோலிக்க மாணவர் சங்கங்கள், பாடத்துக்கொரு கழகம், விளையாட்டு, நாடகம், புகைப்படம். இவை விளையாட்டுக் காரியமல்ல. பேராதனையின் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட 'இளங்கதிர்' மலரில் எழுதிப் பழகியவர்கள் பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர்களானார்கள். 1960களில் அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவரை வைத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்ற கூத்துகளை மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் மௌனகுரு பிறகு நாடகப் பேராசிரியரானார். நம் கிழக்கின் கூத்து படித்தவர் சபைக்குப் போன வழிகளில் அதுவும் ஒன்று.

ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு யாப்பு இருக்கும். வருடத்துக்கொரு பொதுக்கூட்டம் இருக்கும். தலைவர், செயலாளர், இளம் பொருளாளர் ஆகியோரை மாணவர் தெரிவு செய்வார்கள். பெரும் பொருளாளராக ஒரு விரிவுரையாளர் இருப்பார். அவருடைய ஒப்பமின்றி வங்கியிலிருந்து சல்லி எடுக்க முடியாது. மண்டபம் வேண்டுமானால் கடிதம் எழுத வேண்டும், பீடாதிபதியின் அனுமதி எடுக்க வேண்டும், செலவுக்குத் துண்டு வைக்க வேண்டும். எங்களுக்கு அப்போது இதெல்லாம் எரிச்சலாக இருந்தது. இன்று வைத்தியசாலையில் ஒரு கருவி வாங்கக் கடிதம் எழுதும்போது அந்தப் பயிற்சிதான் கைகொடுக்கிறது.

2004 டிசம்பர் 26 எங்களுக்கு அந்தப் பாடத்தை முழுமையாகச் சொல்லித் தந்தது. ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் விடுதியில் இருந்தோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில் என்று வானொலி ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொல்ல, போன் எடுத்தால் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். அடுத்த நாளே சங்கங்கள் எல்லாம் சேர்ந்து சல்லியும் உடுப்பும் மருந்தும் சேர்த்தன. சிங்களப் பிள்ளைகள் எங்களைவிட அதிகமாக அலைந்தார்கள் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

லொறி புறப்படும் நேரம் எங்கள் சங்கத்தின் பெரும் பொருளாளர் வந்து நின்றார். வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார். இறக்குகிற ஒவ்வொரு முகாமிலும் என்ன கொடுத்தீர்கள், யார் வாங்கினார்கள் என்று ஒப்பம் எடுக்க வேண்டும் என்றார். மையித்து அடக்கி முடியாத ஊருக்குப் போகிறவர்களிடம் கணக்குக் கேட்கிறாரே என்று எங்களுக்குக் கோபம் வந்தது. என்றாலும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினோம். எழுதியவர்கள் பெண்பிள்ளைகள்.

மூன்று மாதம் கழித்து ஊரில் ஒரு கதை கிளம்பியது. கம்பஸ் பிள்ளைகள் சேர்த்த சல்லியில் பாதி வந்து சேரவில்லையாம். அந்தக் கதையைக் கேட்டு எங்கள் வாப்பாமார் தலைகுனிந்து நடந்தார்கள். நாங்கள் அந்தக் கொப்பியை ஊருக்கு அனுப்பினோம். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் விறாந்தையில் அதை வைத்து, பக்கம் பக்கமாக வாசித்தார்கள். ஒப்பம் வைத்தவர்களில் சிலர் அங்கேயே இருந்தார்கள். கதை அன்றோடு நின்றது. அந்த விரிவுரையாளருக்கு நாங்கள் நன்றி சொல்ல மறந்துவிட்டோம். இன்று சொல்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொப்பியை எழுதியவர்கள் நாங்கள். விறாந்தையில் அதை விரித்து விளக்கம் சொன்னவர் எங்களில் ஒருத்தியின் காக்கா. அவருக்கு அதில் ஒரு வரியும் தெரியாது. முதல் நாள் இரவு நாங்கள் போனில் சொல்லிக்கொடுத்தோம்.

நமது கரையோரத்தின் வழமை அது. இங்கே வீடு பெண்ணுக்கு எழுதப்படுகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். குடி வழி தாயைக் கொண்டே எண்ணப்படுகிறது. ஆனால் அந்தக் குடியின் சார்பில் பள்ளிவாசல் சபையில் இருப்பவர் மரைக்காயர். குளத்துத் தண்ணீர் எந்தத் திகதியில் திறப்பது என்று முடிவெடுக்கும் போகத்தின் ஆரம்பக் கூட்டத்திலும், வயல் உம்மாவின் பெயரில் இருந்தாலும், போய் இருப்பவர் மாமா. இதில் யாரையும் குறைசொல்ல நாங்கள் வரவில்லை. கூட்டத்தில் இருந்து பழகாத பிள்ளை பல்கலைக்கழகம் போனால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வந்தோம். கையுயர்த்தச் சொன்னால் உயர்த்தும்.

இரண்டாம் வருடத்தில் ஒரு பொதுக்கூட்டம். எங்களில் ஒருத்தியின் பெயரைச் செயலாளர் பதவிக்கு முன்மொழிந்தார்கள். ஒரு சகோதரர் எழும்பி, மிகவும் மரியாதையாக, "கூட்டங்கள் இரவு எட்டு மணிக்கு நடக்கும். பெண்கள் விடுதிக் கதவு அதற்குமுன் பூட்டிவிடுவார்கள். தங்கச்சி எப்படி வருவா?" என்றார். சொன்னது உண்மை. எல்லோரும் பேசாமல் இருந்தோம். அப்போது விஞ்ஞானப் பிரிவுத் தோழி எழும்பி, "அப்ப கூட்டத்தப் பகல் பன்னிரண்டரைக்கு வைங்க" என்றாள். வழிமொழிய ஆள் இருந்தது. நிறைவேறியது. அந்த வருடம் கூட்டங்களுக்கு வந்த பெண்களின் தொகை எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. கூட்டம் எத்தனை மணிக்கு என்பதும் யார் பதவிக்கு வரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது என்று அன்று படித்தோம்.

இன்று எங்கள் பிள்ளைகளுக்கு ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1995இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியை இந்த மண் மறக்காது. தூரம் அனுப்ப மனமில்லாத எத்தனையோ வீடுகளிலிருந்து அதனால் பெண்பிள்ளைகள் பட்டதாரிகளானார்கள். ஆனால் வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளை கடைசி விரிவுரை முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறது. சங்கக் கூட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். பட்டம் கிடைக்கிறது, மற்றப் பாதிப் படிப்புத் தவறிப்போகிறது. நாட்டின் பல்கலைக்கழகங்களில் இன்று பாதிக்கு மேல் பெண்கள். என்றாலும் ஒன்றியத் தலைவரின் பெயராகப் பெண் பெயரைக் காண்பது அரிது.

இது எங்கள் ஊர்க் குறை மட்டுமல்ல. 1823இல் தொடங்கிய ஒக்ஸ்போர்ட் யூனியன் விவாத மன்றம் பெண்களை முழு உறுப்பினராக ஏற்றது 1963இல்தான். 1977இல் பெனாசிர் பூட்டோ அதன் தலைவியாக இருந்தார். பதினொரு வருடத்தில் ஒரு நாட்டின் பிரதமரானார். அதே மன்றத்துக்கு 1958இல் தலைவராக இருந்தவர் நமது லலித் அத்துலத்முதலி. எங்களில் பலர் புத்தகம் வாங்கிய மகாபொல புலமைப்பரிசில் அவர் தொடங்கியது.

ஒன்றியங்களைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். இலவசக் கல்வியைக் காக்கவும் விடுதிக்கும் மகாபொலத் தொகைக்கும் அவை போராடியிருக்கின்றன. 2017இல் மாலபே தனியார் மருத்துவக் கல்லூரி விவகாரத்தில் அரச மருத்துவ பீட மாணவர் பல மாதம் விரிவுரைக்குப் போகவில்லை. அவர்களுடைய பலம் அவ்வளவு. ஆனால் அந்தப் பலத்தை எப்படிச் சேர்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பல இடங்களில் பகிடிவதைதான் அதற்கு வாசல். பகிடிவதைக்குப் பணிந்தவரே "பெச்"; பணியாதவருக்கு வாக்கும் இல்லை, பதவியும் இல்லை. பயத்தால் சேர்த்த ஒற்றுமையை ஒற்றுமை என்று சொல்லித் தருகிறார்கள். 1997இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த வருடம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரை. நாங்கள் போன காலத்தில் அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. நாங்களும் எவரிடமும் கேட்கவில்லை.

தங்கைகளே, மறுத்தால் தனித்துப் போவோம் என்று பயப்படுவீர்கள். அது சும்மா பயமல்ல, எங்கள் தோழிக்கு அதுதான் நடந்தது. அன்று அவளோடு நாங்கள் மூவரும் எழுந்து நின்றிருந்தால் நாங்கள் நால்வராக இருந்திருப்போம். நால்வரை ஒதுக்குவது ஒருத்தியை ஒதுக்குவதுபோல் எளிதல்ல. இதைத்தான் இத்தனை வருடத்தில் கண்டுகொண்டோம்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, மாணவர் மன்றம். இப்போது பல வகுப்புகளில் அந்தப் பாடவேளையில் மேலதிக வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்படுகிறோம். பரீட்சைப் பயம் எங்களுக்கும் தெரியும். என்றாலும் அந்த நாற்பது நிமிடத்தைத் திருப்பித் தரும்படி அதிபர் அவர்களைப் பணிவோடு கேட்கிறோம். தலைமை தாங்கவும், அறிக்கை எழுதவும், "நான் இதை ஏற்கவில்லை" என்று மரியாதையாகச் சொல்லவும் பிள்ளை பழகும் இடம் அது ஒன்றுதான்.

இரண்டாவது, எங்கள் சங்கமே முன்மாதிரியாக இருக்கட்டும். கணக்கை வருடந்தோறும் அச்சிட்டு எல்லோருக்கும் அனுப்புவோம். உயர்தர மாணவிகள் இருவரைச் செயற்குழுவில் இருத்துவோம். தேநீர் பரிமாற அல்ல, அறிக்கை எழுதவும் கணக்கைப் பார்க்கவும். கூட்டத்தை வேலைக்குப் போகிறவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் வரக்கூடிய நேரத்தில் வைப்போம்.

மூன்றாவது, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு ராத்தா, ஓர் அக்கா. நமது பழைய மாணவிகள் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஒலுவிலிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இரவில் போன் எடுக்கலாம். அங்கே அது பகலாக இருக்கும். புதிதாகப் போகும் பிள்ளையின் கையில் இரண்டு இலக்கங்கள் இருக்க வேண்டும். முதல் மாதம் கிழமைக்கொரு தரம் நாமே எடுத்து, "சாப்பிட்டியா மகள், யாரும் ஏதும் சொன்னாங்களா?" என்று கேட்க வேண்டும். முறைப்பாடு செய்ய வேண்டுமென்றால் எங்கே, எப்படி என்று கூட இருந்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே இடத்துக்குப் போகும் பிள்ளைகளைப் போகுமுன்பே இங்கே கூட்டி, ஒருத்தியை ஒருத்தி விடமாட்டோம் என்று பேசவைத்து அனுப்ப வேண்டும்.

இந்தப் பட்டியலை நாங்கள் எழுதி, எங்கள் தோழியிடம்தான் முதலில் காட்டினோம். இன்று சாகாமத்து வயலுக்கான ஆரம்பக் கூட்டத்துக்கு, வாப்பா மௌத்தான பிறகு, அவளே போகிறாள். முதல் தடவை போனபோது கதிரை எடுத்துக் கொடுக்க ஆளில்லை, நின்றுகொண்டே பேசினாளாம். இப்போது அறிக்கையைச் சரிபார்க்க அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் பட்டியலை வாசித்துவிட்டு அவள் ஒரு திருத்தம் சொன்னாள்: "மூணாவத ஒண்ணாவதாப் போடுங்க. மத்தது ரெண்டும் புள்ள கம்பஸில நிண்டாத்தானே."

திருத்தத்தை ஏற்றுக்கொண்டோம். மூன்றாவதை முதலாவதாக வைத்து இந்தத் தீர்மானத்தை முன்மொழிகிறோம். வழிமொழிவதும் எதிர்ப்பதும் உங்கள் உரிமை. என்ன முடிவெடுத்தாலும் அறிக்கைப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் வந்து வாசித்துப் பார்ப்போம்.